கியாக்தான் பங்களாவின் ஆறு தூண்கள்

அன்றைக்கு அந்தப் பங்களாவின் முகப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒருவன் நான். இரண்டாவது என் மனைவியின் தம்பி; பூச்சு வேலையில் என்னைவிடக் கை நேர்த்தியானவன். மூன்றாவது கலவை போட வந்த கியாக்தான்காரப் பெண்மணி, பர்மியர், ஐம்பதைத் தாண்டியவர். நான்காவது பங்களாவின் காவல்காரர். அவரும் பர்மியர்தான், ‘ஊலே’ என்று கூப்பிடுவோம், நம்மில் சித்தப்பா என்பது போல. வீட்டுக்கார அம்மாள் போனில் இருந்தார். ஆனால் முகப்பில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவர் குரல் பாதிதான் வந்தது. அதனால் அவரை இருந்தவர் என்று நான் சேர்க்கவில்லை. பின்னால் யார் சரி சொன்னது, யார் தலையாட்டியது என்று பேச்சு வந்தபோது ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அதனால்தான் முதலில் இதை எழுதி வைக்கிறேன்.

நான் ரங்கூனில் க்யிம்யிண்டைங் என்ற பேட்டையில் குடியிருக்கிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுத்து கோயிலில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பில் வந்தது. வேலை கொத்தனார்களோடு நின்று வந்தது. பெரிய கட்டடம் எதையும் கட்டியவன் அல்ல. ஒழுகுகிற கூரை, விரிசல் விட்ட சுவர், குளியலறைத் தளம், இந்த மாதிரி வேலைகளை மொத்தமாகப் பேசி எடுப்பேன். எனக்குக் கவலை அதிகம். சாரத்தின் கயிற்றை இறுக்கினேனா இல்லையா என்று வீட்டுக்கு வந்தபின் யோசனை வந்து, மறுபடி பஸ் ஏறிப் போய்ப் பார்த்த நாட்கள் உண்டு. என் மனைவி இதை வியாதி என்பாள். நான் எடுத்த வேலையில் இதுவரை யார் தலையிலும் எதுவும் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் இந்த வியாதிதான் என்று நான் பதில் சொல்வேன்.

வடக்கே மண்டலே பக்கம் பூமி அதிர்ந்த வருஷம் அது. ரங்கூனில் பெரிய சேதம் இல்லை. ஆனால் எல்லோரும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து வருஷமாக இருந்த விரிசலெல்லாம் நேற்று வந்த விரிசலாகத் தெரிந்தது. தூணைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, மேலே சிமெண்ட் பூசி உறை போடுவது அந்த வருஷம் தெருத்தெருவாக நடந்தது. நானே ஏழெட்டு வீடுகளில் போட்டேன். எல்லாம் ஒன்பது அங்குலச் சதுரத் தூண்கள். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் நூலும் தூணும் ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். நின்றால் வேலை சரி, நிற்காவிட்டால் தப்பு. எனக்குத் தெரிந்த தூண் சாஸ்திரம் அவ்வளவுதான்.

அப்படி ஒரு வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கார அம்மாள் என்னைக் கூப்பிட்டார். அவர் அப்பா தமிழர், அம்மா பர்மியர். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அவரை ‘அமா’ என்பேன், பர்மியத்தில் அக்கா. தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவார். நகரத்தில் வியாபாரம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மழைக்கால நோன்பு மூன்று மாதமும் பர்மியர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். விளக்குப் பண்டிகை முடிந்த வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். கியாக்தானுக்கு அப்பால் ஆற்றங்கரையில் தன் அப்பா காலத்தில் வாங்கிப்போட்ட பழைய பங்களா இருக்கிறது, கல்யாணம் அங்கேதான், முகப்பு மட்டும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றார்.

மழைக் காலத்தில் பூச்சு வேலை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எடுத்தேன்.

அந்த வீட்டை யார் கட்டியது என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. அரிசி ஆலை வைத்திருந்த வெள்ளைக்காரர் என்று ஊலே சொன்னார். ஓய்வு நாட்களில் ரங்கூனிலிருந்து படகில் வந்து தங்குவாராம். அதனால் வீட்டின் முகம் ஆற்றைப் பார்த்து இருந்தது. இப்போது ஆற்று வழியாக யாரும் வருவதில்லை. எல்லோரும் தார் ரோட்டிலிருந்து இறங்கி, சமையல்கட்டுப் பக்கமாக நுழைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு முகப்புக்குப் போவோம். முதுகு வழியாக வீட்டுக்குள் போகிற மாதிரி.

முகப்பு என்றால் ஒரு போர்டிகோ. அகலமான எட்டுப் படிகள், அதற்கு மேல் வரிசையாக ஆறு உருண்டைத் தூண்கள், ஒவ்வொன்றும் பதினாலு அடி. தூண்களின் தலையில் ஒரு வளையம், அதற்கு மேல் சதுரப் பலகை போல ஒரு கட்டு, அதற்கு மேல் குறுக்கே ஓடும் பட்டை, அதற்கும் மேல் முக்கோணமாக ஒரு சுவர். கோயில் கோபுரத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, பொம்மை ஒன்றுகூட இல்லாத அந்த முக்கோணம் வேலை பாதியில் நின்றுபோனதாகத்தான் முதலில் பட்டது. கீழ்த்தளம் முழுக்கச் செங்கல், வளைவு வளைவாகத் திறப்புகள். மேல்தளம் தேக்குப் பலகைத் தரை. வெயில் நேரத்தில்கூட மேலே காற்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றுப் பக்கத்து ஜன்னலும் ரோட்டுப் பக்கத்து ஜன்னலும் நேருக்கு நேர் வைத்திருந்தார்கள்.

முகப்பில் இடப் பக்கம் மூன்று ஜன்னல், வலப் பக்கம் மூன்று. வலப் பக்கத்து ஓரத்து ஜன்னல் திறக்கவில்லை. கதவு ஈரத்தில் உப்பியிருக்கும் என்று நெம்புகோலால் நெம்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் சுவர். ஜன்னலே கிடையாது, சுவரில் சட்டம் அடித்து, கதவு மாட்டி, கொக்கியும் போட்டிருந்தார்கள். உள்ளே அந்த இடத்தில் மாடிப்படி ஏறுகிறது, ஜன்னல் வைக்க வழியில்லை. ஒரு பக்கம் மூன்று இருப்பதால் இந்தப் பக்கமும் மூன்று தெரிய வேண்டும் என்று இப்படிச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்குக் காசு கூடிப்போனால் என்ன செய்வான் என்று என் மச்சினன் சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணுக்காக இவ்வளவு செய்கிறவர்கள் வேறு எதையெல்லாம் கண்ணுக்காகச் செய்திருப்பார்கள் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

இனி அந்த நாள். தூண்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசினால் போதும் என்பதுதான் பேச்சு. பழக்க தோஷத்தில் ஒரு தூணில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டேன். கீழே நூலுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இடுப்பு உயரத்திலும் ஒரு விரல். அதற்கு மேல் போகப் போக இடைவெளி கூடியது. உச்சியில் நாலு விரல் போயிற்று. அடுத்த தூணிலும் விட்டேன். அதே கதை. ஆறு தூணும் அப்படியே.

அரிசி மூட்டையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் நாளாக ஆகத் தானியம் கீழே இறங்கி வயிறு தள்ளும் அல்லவா, அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மேலே முக்கோணச் சுவரின் பாரம், நூறு வருஷ மழை, போதாததற்குப் பூமி வேறு அதிர்ந்திருக்கிறது. செங்கல் வெளியே பிதுங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் போர்டிகோ உட்கார்ந்துவிடும்.

மச்சினன் நூலைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். “ஆறும் ஒரே அளவுக்கா அத்தான் வயிறு தள்ளும்?” என்றான்.

நல்ல கேள்வி. அந்த நேரத்தில் அது என் காதில் ஏறவில்லை. பாரம் ஒரே அளவுதானே, அதனால் தள்ளுவதும் ஒரே அளவு என்று பதில் சொன்னேன்.

ஊலே, தனக்குத் தெரிந்து முப்பது வருஷமாகத் தூண் இப்படித்தான் இருக்கிறது என்றார். முப்பது வருஷமாக ஆபத்து இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தூண் வயிறு தள்ளியிருக்கிறது, கம்பிவலை அடித்து உறை போட்டு நூல் பிடித்தாற்போல் நேராக்கிவிடுகிறேன் என்று சொன்னேன். “நேரா... நல்லது... செய்ங்க... கல்யாணத்துக்குள்ள...” என்று துண்டு துண்டாக வந்தது. கலவைப் பெண்மணி தலையாட்டினார். ஆனால் அவருக்கு நாங்கள் பேசிய தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. அவர் தலையாட்டியது மழை நின்றுவிட்டது என்பதற்காக. இதையும் சேர்த்துத்தான் பின்னால் நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் சேர்த்து வேலை இரண்டு மாதம் நடந்தது. வாரத்தில் ஆறு நாள் பங்களாவின் பின்கட்டில் தங்கிக்கொள்வோம். இடப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். பாரம் இறங்காமலிருக்க முட்டுக் கொடுத்து, மழைக்குத் தார்ப்பாய் கட்டி, பழைய பூச்சின் மேல் கம்பிவலை சுற்றி ஆணி அடித்து, சிமெண்டைப் பட்டை பட்டையாக ஏற்றினோம். கீழே ஒரு அங்குலம், மேலே போகப் போகக் கனம் கூடி உச்சியில் மூன்று அங்குலத்துக்கு மேல். உச்சிக்கு வந்ததும் ஒரு சிக்கல். தூணின் தலையில் இருந்த வளையம் அந்தக் கனத்துக்குள் மூழ்கியது. மச்சினன் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, வளையத்தை என்ன செய்வது என்று கேட்டான். மூடிவிடு என்றேன். அவன் மூடினான். அன்று ராத்திரி எனக்கு அந்த வளையம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனால் எனக்கு எதுதான் உறுத்தாது. கம்பிக்குப் பதில் கயிறு கட்டிய முட்டும் உறுத்தியது, அடுப்பை அணைத்தோமா என்பதும் உறுத்தியது. இப்படி எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு இருக்கிற கஷ்டம் இதுதான். உண்மையான பயம் வந்து நின்றால் அதைத் தனியாக அடையாளம் தெரியாது.

நாலு தூண் முடிந்தது. அந்த நாலிலிருந்து சாரத்தையும் தார்ப்பாயையும் பிரித்தோம். மீதி இரண்டுக்கு மறுநாள் கட்டுவதாக இருந்தது. நான் மனைவிக்குப் போன் பேச ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே பழைய படகுத்துறை ஒன்று இருக்கிறது, சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். சிக்னல் முழுசாகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். பேசிக்கொண்டே திரும்பி வீட்டைப் பார்த்தேன்.

வேலை தொடங்கியதிலிருந்து தார்ப்பாய் இல்லாமல் அந்தத் தூண்களை நான் தூரத்திலிருந்து பார்க்கவில்லை. சாரத்தின் மேல் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்ததுதான். படகில் வந்து இறங்குகிறவன் எங்கே நின்று பார்ப்பானோ அங்கே இப்போது நான் நின்றேன். வலப் பக்கம் பழைய தூண் இரண்டு, பூச்சு உதிர்ந்து அழுக்காக, ஆனால் கையை உயர்த்தி எதையோ லேசாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றன. இடப் பக்கம் என்னுடைய நாலும் நூல் பிடித்த நேர். அந்த நேர் கண்ணுக்கு நேராகத் தெரியவில்லை. நடுவில் இடுப்பு ஒடுங்கி, தலை கனத்து, கூரை மேலிருந்து அவற்றை அமுக்குவது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. மனைவி போனில் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் மயங்கி விழுந்துவிட்டேனோ என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னாள்.

கலவைப் பெண்மணி சட்டி கழுவ ஆற்றுக்கு வந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரும் திரும்பிப் பார்த்தார். “அந்த ரெண்டும் ஆளு. இந்த நாலும் எண்ணெய்ப் பீப்பா,” என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நேரே போய் ஐந்தாவது தூணின் அடியில் உட்கார்ந்தேன். தொடாத தூண். உளியும் சுத்தியும் எடுத்து, பழைய சுண்ணாம்பை ஒரு கை அகலத்துக்குக் கீழிருந்து மேலாகப் பெயர்த்தேன். செங்கல் பிதுங்கியிருந்தால் இணைப்புகள் விரிந்திருக்கும், கலவை வாய் பிளந்திருக்கும். எதுவும் இல்லை. ஒரு நகம் நுழையவில்லை. ஏணி போட்டு ஏறி உச்சிக்குக் கீழேயும் பெயர்த்தேன். அங்கேயும் அதே இறுக்கம். ஆனால் செங்கல் சிறியது. கீழே இருந்த செங்கலின் வளைந்த முகத்தைக் கயிற்றால் அளந்து, மேலே இருந்ததையும் அளந்தேன். அச்சு வேறு. நடுவில் ஒரு இடத்தில் திறந்தேன், அது இரண்டுக்கும் இடையில். இந்தத் தூணுக்கென்றே, வரிசைக்கு வரிசை ஒரு மயிரிழை குறைத்து, அச்சுப் போட்டுச் செங்கல் சுட்டிருக்கிறார்கள். தூண் வயிறு தள்ளவில்லை. வயிறோடுதான் பிறந்திருக்கிறது. இதை முதல் நாளே செய்திருந்தால் அரை மணி நேர வேலை.

அதோடு போயிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ. ஏணியிலிருந்து இறங்கி, நான் போட்ட முதல் தூணைச் சுத்தியின் மரப்பிடியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக ஒலிக்க வேண்டியது, தலை உயரத்துக்கு மேல் இரண்டு இடத்தில் வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலித்தது. உள்ளே சுண்ணாம்பு மழைத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. வெளியே சிமெண்ட் அதை மூச்சு விட விடவில்லை. உறை தூணை விட்டுப் பிரியத் தொடங்கிவிட்டது. மூன்று அங்குலக் கனம். அதன் கீழே நின்றுதான் பொண்ணும் மாப்பிள்ளையும் வருகிறவர்களை வரவேற்பார்கள்.

மச்சினனிடம் சொன்னேன். அவன் ஒரு தடவை படகுத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவனுக்கும் தெரிந்தது, முகத்தில் பார்த்தேன். ஆனாலும் சண்டை போட்டான். ஆற்றுப் பக்கமிருந்து யார் பார்க்கப்போகிறார்கள், காக்காய்கூட ரோட்டுப் பக்கமாகத்தான் வருகிறது என்றான். வெற்றாக ஒலிக்கிற இடத்தில் ஓட்டை போட்டுச் சிமெண்ட் பாலை ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்றான். மீதி இரண்டையும் இதேபோல் போட்டுவிட்டால் ஆறும் ஒன்றாகிவிடும், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது என்றான்.

“அந்தம்மாவே கேக்கல. நீங்களா ஏன் அத்தான் போய்த் தலையக் குடுக்கணும்? பயமா இருந்தா கல்யாணத்தன்னிக்கு நீங்க வராதீங்க, அவ்வளவுதான?”

நான் வராவிட்டாலும் பூச்சு விழுமே என்றேன்.

“விழுந்தா அப்ப பாத்துக்கலாம்.”

“விழுந்தப்புறம் பாக்கறதுக்கு என்னடா இருக்கு?”

அவன் கொத்துக் கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. அவன் கூலி என் கையில் இருந்தது, என் கூலி அந்த அம்மாள் கையில் இருந்தது. பெயர்த்தெடுக்கிற வேலைக்கு யாரும் கூலி தர மாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சனிக்கிழமை வீட்டுக்கார அம்மாள் காரில் வந்தார். ரோட்டுப் பக்கமிருந்து சுற்றி வந்து, படியில் ஏறி, கிட்டே நின்று தூண்களைப் பார்த்தார். வழவழவென்று இருப்பதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். புதுசு மாதிரி ஆகிவிட்டது, மீதி இரண்டையும் சீக்கிரம் முடியுங்கள், வெள்ளை அடித்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார். மச்சினன் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, இவரே சந்தோஷமாக இருக்கிறாரே, அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அமா, கொஞ்சம் படகுத்துறை வரைக்கும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். சேற்றில் செருப்பு மாட்டும் என்றார். பலகை போட்டிருக்கிறேன் என்றேன். காலையிலேயே போட்டு வைத்திருந்தேன். அங்கே கூட்டிக்கொண்டு போய், திரும்பிப் பார்க்கச் சொன்னேன். அவர் வெகு நேரம் பார்த்தார். என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒன்று நன்றாக இல்லை என்று மட்டும் தெரிந்தது. நான் சொன்னேன். செங்கலைச் சொன்னேன், வளையத்தைச் சொன்னேன், வெற்றாக ஒலிப்பதைச் சொன்னேன். நாலு பேர் ஒப்புக்கொண்டதாக முன்பு சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை, பர்மியத்துக்கு மாறிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணினார். அச்சடித்த பத்திரிகையில் இந்த வீட்டின் பெயர் போயிருக்கிறது என்றார். பிறகு தமிழில் கேட்டார்.

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. எதுக்குச் சொன்னீங்க?”

“தூக்கம் வரல அமா.”

“உங்க தூக்கத்துக்கு நான் காசு குடுக்கணுமா?”

அவரே முடிவைச் சொன்னார். பேசிய தொகை பேசியபடி. அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது. பெயர்க்கிற செலவு, திரும்பக் கட்டுகிற சாரத்தின் வாடகை, சுண்ணாம்பு, ஆள் கூலி எல்லாம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஆறு தூணும் பழையபடி நிற்க வேண்டும். நின்றால் மீதித் தொகை உண்டு. நிற்காவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டு, அந்தச் செலவையும் என்னிடம் வாங்குவார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

சிமெண்டை ஏற்றியதைவிடப் பெயர்ப்பது நாலு மடங்கு வேலை. நாங்கள் அடித்த ஆணிகளே எங்களுக்கு எதிரி. கம்பிவலையை இழுத்தால் பழைய சுண்ணாம்பும் கூட வந்தது. சில இடத்தில் செங்கலின் முகமே பிளந்து வந்தது. அப்படிப் போன செங்கல்களை எண்ணி வைத்தேன், முப்பத்தேழு. அந்த அச்சில் இப்போது யாரும் செங்கல் சுடுவதில்லை. சாதாரணச் செங்கலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வளைவு கொண்டுவந்து பொருத்தினோம். கலவைப் பெண்மணிதான் தேய்த்தார். தேய்க்கிற கூலி தனி என்று முதலிலேயே கறாராகப் பேசிவிட்டார். பீப்பாயை மறுபடி ஆளாக்குவது லேசான காரியமா என்று கேட்டார்.

சுண்ணாம்பை ஊறப்போட்டோம். தூணின் வளைவை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. தூக்குக் குண்டு இதற்கு உதவாது. இதற்கு வழி கண்டுபிடித்தது மச்சினன். இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தவன், மூன்றாம் நாள் காலை ஒரு நீளப் பலகையை ஆறாவது தூணோடு சேர்த்து நிறுத்தி, பென்சிலால் மேலிருந்து கீழ் வரை கோடு இழுத்துக்கொண்டிருந்தான். கோட்டின்படி பலகையைச் செதுக்கினான். செதுக்கிய பலகையைத் தூணில் வைத்துப் பார்ப்பான், வெளிச்சம் தெரிகிற இடத்தில் மறுபடி செதுக்குவான். வெளிச்சம் எங்கேயும் தெரியாத வரைக்கும் செய்தான். பிறகு நாலு தூணிலும் ஈரச் சுண்ணாம்பின் மேல் அந்தப் பலகையைச் சுற்றி இழுத்துக்கொண்டே வந்தோம். மேலே ஒருவன், கீழே ஒருவன். வயிறு தானாக வந்தது. தொடாத இரண்டு தூண் மிச்சம் இல்லாமலிருந்தால் அந்தக் கோடு எங்கள் யாருக்கும் கிடைத்திருக்காது.

சுண்ணாம்பு காயத் தாமதமாகும், மழை வேறு விடவில்லை. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் வைத்து வைத்தே தழும்பாக்கிவிடப் போகிறீர்கள் என்று மச்சினன் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டான். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சாரத்தைப் பிரித்தோம். வளையங்கள் ஆறும் தெரிந்தன. நான் படகுத்துறைக்குப் போகவில்லை, தைரியம் வரவில்லை. ஊலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முப்பது வருஷமாக இருந்த மாதிரியே இருக்கிறது என்றார்.

கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இரண்டாம் தூணுக்கும் மூன்றாம் தூணுக்கும் நடுவில் நின்றுகொண்டு, மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பொட்டு விழவில்லை. போட்டோ எடுக்கிறவன் பொண்ணையும் மாப்பிள்ளையையும் படகுத்துறையில் நிறுத்தி, முழு வீடும் பின்னால் தெரியும்படி எடுத்தான். வீட்டுக்கார அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே மீதித் தொகையை எண்ணிக் கொடுத்தார். அதில் மச்சினன் கூலியையும் கலவைப் பெண்மணியின் கூலியையும் முதலில் தீர்த்தேன். இரண்டாவது தடவைச் சாரத்துக்கும் சுண்ணாம்புக்கும் அது எட்டவில்லை. இரண்டையும் லான்மடாவில் ஒரு சாமான் கடையில் கடனாக எடுத்திருந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன், மாசம் ஒரு தடவைதான் கேட்பார். இன்றைய தேதிக்கு நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் கியாட்.